குடல் தெரியும் கடிகாரம்

புரட்டாசி பிறந்து வடகிழக்கே மின்னத் தொடங்கிவிட்டது. சங்கரம்மாளின் தொழுவத்தில் ஒற்றைக் காளைதான் நின்றது. அதன் ஜோடியை ஆடி மாதத்தில் பாம்பு தீண்டிவிட்டது. வீட்டுக்காரர் கருத்தையா வண்டியிலிருந்து விழுந்து காலில் கட்டோடு படுத்திருந்தார். மழை விழுந்து கரிசல் பதமாக இருக்கும்போதே ஏர் கட்டாவிட்டால் அந்த வருஷம் பருத்தியும் இல்லை, உளுந்தும் இல்லை. அதனால் புதூர்ச் சந்தையில் இன்றைக்கு ஒரு காளையைப் பிடித்தே ஆக வேண்டும் என்று அவளே கிளம்பிவிட்டாள்.

ஆம்பிளைத் துணைக்கு வந்தவன் கொழுந்தன் செல்லத்துரை. துபாயில் ஓர் அரபிக்குக் கார் ஓட்டுகிறவன், லீவில் வந்திருந்தான். துணை என்றுதான் பேர். பஸ் ஏறியதிலிருந்து அவன் இடது கை ஓர் இடத்தில் நிற்கவில்லை. கம்பியைப் பிடிப்பதும் இடது கை, முடியைக் கோதுவதும் இடது கை, ஈ ஓட்டுவதும் இடது கை. கண்டக்டரிடம் காசையும் அந்தக் கையாலேயே நீட்டினான்.

"ஏலே, சோத்துக்கையால குடுல."

"அதில வாட்ச் இல்லையே மதினி."

முன்னும் கண்ணாடி, பின்னும் கண்ணாடி, சுற்றிலும் கண்ணாடி. எண் எழுதிய தட்டு என்று ஒன்று கிடையாது. உள்ளே பல்சக்கரமும் சுருள்கம்பியும் நெளிவது அப்படியே தெரிந்தது. அரபியின் மகன் சலித்துப்போய்க் கழற்றிப் போட்டதாம்.

"வெறும் கண்ணாடின்னு நெனைக்காதீங்க. நீலக்கல்லு. கல்லையே குடைஞ்சு கூடு பண்ணிருக்கான். கத்தியால கீறினாலும் ஒரு கோடு விழாது."

"நீலக்கல்லுங்குத, நீலத்தைக் காணோம்?"

"இது ஃபாக்டரில செய்யுத கல்லு மதினி. நெறம் சேக்க மாட்டான்."

"அப்போ நீலம் இல்லாத நீலக்கல்லு, நம்பர் இல்லாத கடியாரம். சரி, மணி என்ன ஆகுது?"

செல்லத்துரை கையைக் கண்ணருகே கொண்டுபோனான். திருப்பினான். வெயிலை மறைத்துப் பிடித்தான். அத்தனை சக்கரத்துக்கு நடுவே முள் எது, கம்பி எது என்று அவனுக்கே பிடிபடவில்லை. முன் சீட்டில் இருந்தவர் திரும்பாமலே சொன்னார்: "பத்து ஆகப்போகுதும்மா. கயத்தாறு வண்டி இப்பந்தான் எதுக்க போச்சு."

சங்கரம்மாள் வெற்றிலையை ஜன்னல் வழியே துப்பினாள். "கோழி அறுத்தா உள்ள கெடக்குமே, அதைப் பாத்தாப்பல இருக்கு. இதைக் கையில கட்டிக்கிட்டு எப்படில சோறு எறங்குது உனக்கு?"

சந்தையில் இறங்கியதும் செல்லத்துரை ஒரு காரியம் செய்தான். கடிகாரத்தைக் கழற்றி வலது மணிக்கட்டுக்கு மாற்றிக்கொண்டான். பேரம் பேசுகிற கையைத்தானே எல்லாரும் பார்ப்பார்கள் என்பது அவன் எண்ணம். அந்தக் கைதான் தரகர் துண்டுக்கு அடியில் மறைந்துபோகும் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது.

சங்கரம்மாள் சந்தையைச் சுற்றி வந்து ஒரு செவலைக் காளையின் முன்னால் நின்றாள். பல் பார்த்தாள், சுழி பார்த்தாள், திமிலைத் தடவினாள். உயரம், கொம்பு எல்லாம் வீட்டில் நிற்பதை அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவள் ரெங்கம்மாள், கயத்தாறுப் பக்கத்துக்காரி, புருஷனைப் பறிகொடுத்தவள். தெலுங்கு பேசுகிற குடும்பம். சந்தையில் ஆண்களோடு அவள் விரல் பிடிக்க முடியாது. தன் விலையைத் தரகர் கொம்பையாவின் காதோடு சொல்லி வைத்திருந்தாள்.

கொம்பையா தோள் துண்டை உருவினார். மாட்டுச் சந்தையில் விலையை வாய் சொல்லாது. துண்டுக்கு அடியில் விரலை விரல் பிடித்துப் பேசும். பக்கத்தில் நிற்கிறவனுக்கும் தெரியாது.

"கையைக் கொண்டாங்க மாப்ளே."

செல்லத்துரை கையை நீட்டினான். துண்டு கிட்டே வந்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"துண்டு ஒரே அழுக்கா இருக்கு. வாட்ச்சில கீறல் விழுந்துரும்."

"கத்தி கீறாத கல்லை இவரு துண்டு கீறிருமாக்கும்?" என்றாள் சங்கரம்மாள்.

அதற்குள் நாலைந்து பேர் அவன் கையை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அது போதாதா அவனுக்கு? "இன்னும் என்ன இந்த மூடி மறைக்கிற வேலை? அங்கல்லாம் எதுவும் ஓப்பன்தான்!" என்று கையை உயரத் தூக்கி, தன் விலையைச் சந்தையே கேட்கக் கூவினான். தூக்கிய கையில் சக்கரம் சுற்றியது.

கொம்பையா தலையில் அடித்துக்கொண்டார். அவன் கூவியது ரெங்கம்மாள் காதோடு சொன்னதற்கு ரொம்பக் கீழே.

"ஊருக்கு நடுவில என் மாட்டுக்கு இந்த வெலையைச் சொல்லிட்டானே! இனி எவன் வந்து இதுக்கு மேல கேப்பான்? கேக்க ஆளில்லாத பொம்பளைன்னுதான கூவுதான்?" ரெங்கம்மாள் கயிற்றைச் சுண்டினாள். "ரா, போதாம்," என்று தெலுங்கிலேயே மாட்டை வா, போவோம் என்றாள். மாடு அவள் பின்னால் போயிற்று.

"அவ்வளவுதான் தாயி. இனி அந்தம்மா உங்களுக்குத் தராது," என்றார் கொம்பையா.

சங்கரம்மாள் புழுதியில் ஓடினாள். புளியமரத்தடியில் போய்ப் பிடித்தாள்.

"யக்கா, நில்லுங்க."

"அவன் யாரு, உங்க மகனா?"

"கொழுந்தன். அவன் பேச்சுக்கு எங்க வீட்டில ஆடுகூடத் திரும்பிப் பாக்காது."

"கையில என்னது அது?"

"கடியாரமாம். மணி காட்டத் தெரியாது."

"எதுக்கு, கடியாரத்துக்கா அவனுக்கா?"

"ரெண்டுக்கும்."

ரெங்கம்மாளின் உதடு கோணியது. சிரிப்பை வெளியே விடவில்லை. "வீட்டில நிக்குதது எது, எடத்தையா வலத்தையா?"

"வலத்தை. ஏர்ல வலது பக்கம் தவிர நிக்காது."

"இது எடத்தை," என்றாள் ரெங்கம்மாள். கயிறு சற்றுத் தளர்ந்தது.

சங்கரம்மாள் முந்தானையை உதறித் தன் கைமேல் போட்டு நீட்டினாள். ரெங்கம்மாள் அங்கும் இங்கும் பார்த்துவிட்டுக் கையை உள்ளே விட்டாள். காய்த்துப்போன விரல்கள் ஒன்றைப் பிடித்தன, விட்டன, இன்னொன்றை மடக்கின. சங்கரம்மாள் தலையசைத்து ஒரு விரலை விடுவித்துக்கொண்டாள். மறுபடி பிடி விழுந்தது.

செல்லத்துரை மூச்சிரைக்க வந்து நின்றான். "மதினி, நான் சொன்னதுக்கு மேல போயிராதீங்க!"

இரண்டு பேரும் அவனைப் பார்க்கவே இல்லை. முந்தானைக்குள் கைகள் ஒருமுறை இறுகி, விலகின. ரெங்கம்மாள் பழைய கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். சங்கரம்மாள் பையிலிருந்து புதுக் கயிற்றை எடுத்துக் கட்டினாள்.

காளையோடு நடந்தே திரும்பினார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. செல்லத்துரைக்குப் பொறுக்கவில்லை.

"எவ்வளவுக்கு முடிச்சீங்க மதினி?"

"உன் கடியாரத்துக்குள்ள எட்டிப் பாருல. அதிலதான் ஒளிவுமறைவே இல்லையே."

"சும்மா சொல்லுங்க."

"உங்க அண்ணனுக்குச் சொல்லுவேன். உனக்கு எதுக்கு? நீ போய்த் துபாயில கூவவா?"

பிறகு அவள் மேகத்தைப் பார்த்து, "மணி என்ன ஆச்சோ, வீடு போய்ச் சேருததுக்குள்ள கொட்டிரும் போலிருக்கே," என்றாள்.

செல்லத்துரை பழக்கத்தில் கையைத் தூக்கினான்.

"உன்கிட்ட கேக்கலல. கையை எறக்கு, மாடு மிரளுது."