எழுத்துக்கு முந்திய சிரிப்பு

அன்று ஜெர்மனியில், எசன் நகரத் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் எங்கள் வரிசையில் இருந்தவர்கள்: சுவரோரமாக பீலிக்ஸ் ஆகிய நான், எனக்கு அடுத்ததாக டோர்ட்மண்டிலிருந்து வந்திருந்த டெனிஸ்டன், அவருடைய மனைவி பிளோறன்ஸ், என் தங்கை றோசம்மா, அவளுடைய மகள் லவினியா, கடைசியாக டெனிஸ்டனின் மகன் பென்ஜமின். வேறு தமிழர் எவரும் அங்கே இருக்கவில்லை. இருந்ததாகச் சொல்லிக்கொண்டு கதைப்பவர்களுக்காக இதை முதலிலேயே எழுதுகிறேன்.

லவினியாவும் பென்ஜமினும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். லவினியா தகப்பனை இழந்த பிள்ளை என்பதால் சம்பந்தம் பேசும் பொறுப்பு என்னுடையது. டெனிஸ்டனின் குடும்பம் மன்னாரில் பெயர் எடுத்த குடும்பம். அவருடைய தமையன் குருவானவர். எங்களைப் பற்றி அவர்கள் விசாரித்தபோது சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தேன். றோசம்மா இளவயதில் லெபனானில், பெய்ரூட்டில் கன்னியர் மடத்தில் தங்கித் தையல் படித்தாள் என்பதும் அதில் ஒன்று. எங்களைப் பெற்ற ஐயா ஊருக்கு அப்படித்தான் சொன்னார். அதன் பிறகு எங்கள் வீட்டில் எவரும் அதை மாற்றிச் சொன்னதில்லை. லவினியாவுக்குத் தெரிந்ததும் அதுதான்.

படத்துக்குப் போவது பிள்ளைகளின் யோசனை. தவக்காலத்தில் பங்கு மண்டபத்தில் ஒரு படம் காட்டுவார்கள். பிறகு கோப்பியும் கேக்கும் உண்டு. வீட்டில் எதிரெதிரே இருந்து முகம் பார்ப்பதைவிட அது சுகம், அங்கேயே பேசி முடித்துவிடலாம் என்றார்கள். ஏழைச் சிறுவன் ஒருவனைப் பற்றிய படம் என்று கேட்டு நானும் சம்மதித்தேன். அது அரபுப் படம் என்பது கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் றோசம்மாவைப் பார்த்தேன். அவள் மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

ஆட்களை முறைப்படி இருத்தியது நான்தான். அந்த மண்டபத்தில் கதிரைகளை ஒன்றோடொன்று கொளுவி வைப்பார்கள். ஒன்றைத் தனியே பின்னுக்கு இழுக்க முடியாது. எனக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் டெனிஸ்டனின் முழங்கால். விளக்கை அணைத்தார்கள்.

சிறுவனுக்கு ஏழு வயது இருக்கும். எரிவாயுச் சிலிண்டர் விற்கும் கடையில் வேலை. முதலாளி வீட்டுக்குப் போகும்போது இரும்புக் கதவை இழுத்து அவனை உள்ளே பூட்டிவிட்டுப் போவான். சிறுவன் உள்ளிருந்து கத்தினான். றோசம்மா சிரித்தாள். அதன் பிறகுதான் திரையின் அடியில் ஜெர்மன் மொழிபெயர்ப்பு எழுத்து வந்தது: நீங்கள் மிகவும் கெட்டவர்.

மண்டபத்தில் வேறு எவரும் சிரிக்கவில்லை. சிரிக்க அதில் ஒன்றும் இல்லை.

மறுபடி அவன் கத்தினான். மறுபடி அவள் சிரித்தாள், எழுத்துக்கு முன்னால். பிளோறன்ஸ் திரையை விட்டு அவளைப் பார்க்கத் தொடங்கினார். நான் செருமினேன். டெனிஸ்டன் எனக்கு இருமல் இனிப்பு ஒன்று தந்தார்.

“அவன் அப்பிடிச் சொல்லேல்லை அக்கா,” என்று றோசம்மா பிளோறன்ஸிடம் சொல்வது கேட்டது. “அது தூசணம், ஊத்தைப் பேச்சு.”

எழுந்து போவதென்றால் ஐந்து பேரின் கால்களைத் தாண்டி, திரைக்கு முன்னால் நிழல் விழப் போக வேண்டும். இனிப்பை வாயில் வைத்துக்கொண்டு இருந்தேன். மண்டபத்தில் சூடாக்கி வேறு முழு வேகத்தில் எரிந்தது.

பிறகு ஒரு காட்சி. இருட்டுக் கடைக்குள் சிறுவன் தனக்குள் எதையோ முணுமுணுக்கிறான், திரும்பத் திரும்ப. திரையில் எழுத்து எதுவும் வரவில்லை. மண்டபம் காத்திருந்தது. இந்த முறை றோசம்மா சிரிக்கவில்லை.

“வயது பாடமாக்கிறான்,” என்றாள். “பத்து எண்டு சொல்லோணும். ஏழு எண்டால் வேலை இல்லை.”

எங்கள் வீட்டிலும் ஒருகாலத்தில் ஒரு பிறந்த ஆண்டை அப்படிப் பாடமாக்கியது உண்டு. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

விளக்குப் போட்டதும் கோப்பி மேசைக்குப் போனோம். பிளோறன்ஸ் கோப்பைக்குச் சீனி போட்டுக் கலக்கியபடி, றோசம்மாவுக்கு அரபு நன்றாகத் தெரிகிறதே என்று என்னிடம் சொன்னார். சிஸ்டர்மாரிடம் படித்தது என்றேன்.

“தூசணமுமோ, பீலிக்ஸ் அண்ணை?”

டெனிஸ்டன் கேக்கைப் பார்த்தார். என்னை முந்திக்கொண்டு றோசம்மா பேசினாள்.

“சிஸ்டர்மார் இல்லை அக்கா. வீட்டு வேலை. மூண்டாம் மாடி. வீட்டுக்காரர் என்னை வெளியால பூட்டிப்போட்டுத்தான் போவினம். பல்கனிக்குக் கீழ ஒரு பொடியன் சூயிங்கம் வித்துக்கொண்டு நிப்பான். அவன்தான் எனக்கு வாத்தியார்.”

“அப்ப உங்களுக்கு எத்தினை வயது, அம்மா?” என்று லவினியா கேட்டாள்.

“பாஸ்போட்டில இருபத்திமூண்டு.”

“அம்மா.”

“பதினாறு.”

லவினியா தாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் மேசை இருந்தது.

நான் நிமிர்ந்து நின்று டெனிஸ்டனிடம் சொன்னேன்: எங்கள் குடும்பத்தில் எவரும் களவெடுத்ததில்லை, பிச்சை எடுத்ததில்லை, இதைக் கேட்ட பிறகு சம்பந்தத்தில் விருப்பம் இல்லையென்றால் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம், பிறகு டெலிபோனில் சொல்ல வேண்டாம். டெனிஸ்டன் மனைவியைப் பார்த்தார்.

“அதை விடுங்கோ அண்ணை, அது பிள்ளையள் முடிச்ச பேச்சு,” என்றார் பிளோறன்ஸ். பிறகு றோசம்மாவின் பக்கம் திரும்பினார். “படத்தில அந்தப் பொடியன் கதவுக்குப் பின்னால நிண்டு உண்மையா என்ன சொன்னவன்?”

றோசம்மா அவருடைய காதுக்குள் சொன்னாள். பிளோறன்ஸ் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கோப்பி தட்டத்தில் சிந்தியது. லவினியா தனக்கும் சொல்லும்படி கேட்டாள். அவளுக்கும் சொன்னாள். பதினாறு வயதில் படித்ததை அவள் அவ்வளவு காலமும் வைத்திருந்திருக்கிறாள். எனக்கு எவரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இப்போது டோர்ட்மண்டில் ஒரு கதை உலாவுகிறது: றோசம்மா தியேட்டரில் விம்மி அழுதாளாம், நான் அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினேனாம், சம்பந்தம் குழம்பிவிட்டதாம். அது தியேட்டர் இல்லை, பங்கு மண்டபம். கல்யாணம் ஓகஸ்டில். கதிரைகளைக் கழற்றி அடுக்கிக் கொடுத்துவிட்டுக் கடைசியாகத்தான் வெளியே வந்தோம். றோசம்மா அழவில்லை. சிரித்தாள்.