லாசரின் நூல்கட்டை

கையில் வழுக்கிக்கொண்டே இருந்த விராலை முந்தானையால் சுற்றிப் பிடித்து, அதன் மேலுதட்டில் தூண்டில் முள்ளைக் குத்தினாள் ஜெபமலர். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. ஏரிக்கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த காத்தான், வலையில் விழுந்த மீனுக்கு எதற்கு இந்தக் காதுகுத்து என்று கேட்டான். அவள் முள்ளை உருவித் துடைத்துவிட்டு, மீனைத் தண்ணீர்ச் சட்டிக்குள் விட்டாள். விலை கேட்டதற்குக் காத்தான் கையை அசைத்து மறுத்துவிட்டான். "லாசரண்ணனுக்குத்தானுங்களே, கொண்டு போங்க."

அப்பா லாசருக்கு வயிற்றில் கட்டி. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். நான்கு நாளாக ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. ஆட்டையாம்பட்டியில் வாழ்க்கைப்பட்ட ஜெபமலர் வந்து பத்து நாளாகிறது. அன்று விடிந்ததும் அப்பா கண்ணைத் திறந்து, விரால் சாறு வேண்டும் என்றார். அதிலும் ஒரு பிடிவாதம். வலை மீன் ஆகாது. தன் நூலில் ஜெபமலர் பிடித்த மீன் என்றால் குடிப்பார், இல்லாவிட்டால் வேண்டாம்.

லாசர் சங்ககிரிக் கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அறுபத்திரண்டு வயதில் உடம்பு முடியாமல் கடையை மூடும்வரை, அவர் பஞ்சர் ஒட்டிய நேரத்தைவிட ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். மற்றவர்கள் தவளையையும் மண்புழுவையும் குத்திப் போடும்போது, அவர் வால்வு ட்யூபில் ஒரு துண்டு வெட்டி முள்ளில் கோப்பார். முள்ளின் கழுத்தில் மிளகளவு ஈயம். நூலும் தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். கனமாகப் போடுவது மீனுக்கு மரியாதை இல்லை என்பார். அந்த ரப்பர் துண்டு தண்ணீருக்குள் உயிருள்ளதுபோல நெளியும். விரால் வந்து தொடும், விட்டுவிடும், மறுபடி தொடும். அரை நாள் ஆனாலும் மனிதர் அசையமாட்டார். வீட்டுக் கூரை ஒழுகினாலும் அப்படித்தான் அசையமாட்டார் என்பது அத்தை ஞானமேரியின் நெடுநாள் புகார்.

அரை நாள் உட்கார ஜெபமலரால் முடியவில்லை. கரையில், தூண்டில் நூல் சுற்றிய அப்பாவின் நூல்கட்டையை எடுத்ததுமே, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா போய்விடுவார் என்ற பயம் வந்துவிட்டது. ஒரு சாண் நூலுக்கு மேல் அவிழ்க்காமல் எழுந்து காத்தானிடம் போய் நின்றாள்.

வாசலிலேயே அத்தை மறித்துக்கொண்டாள். அப்பாவின் அக்கா அவள். ஜெபமலரின் அம்மா செத்த பிறகு இருபது வருஷமாகத் தம்பிக்குச் சமைத்துப் போட்டவள். மீனையும் ஜெபமலரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போயி ஒரு மணி நேரம் ஆவுல. அதுக்குள்ள மாட்டிருச்சா?"

"மாட்டுச்சுங்கத்தை."

"நேத்துத்தான் சர்ச்சு சாமியார் வந்து கடைசி நேரத்து அவஸ்தை எண்ணெய் பூசிட்டுப் போனாரு. பாவமெல்லாம் கழுவிட்டுச் சுத்தமாக் கெடக்கறான். அவனுக்குப் பொய்யக் கரைச்சு ஊத்தாதே. நூலு நனைஞ்சுருக்குதான்னு நான் பாக்கத்தான் போறேன். நனையலீன்னா அவன்கிட்டயே சொல்லிப்போடுவேன்."

அந்த வீட்டில் மெதுவாகப் பேசத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. கட்டில் வரைக்கும் எல்லாம் கேட்டிருக்கும்.

அப்பா மீனைப் பார்க்க வேண்டும் என்றார். சட்டியைக் கட்டிலோரம் வைத்து அவர் கையை எடுத்து உள்ளே விட்டாள். எலும்பாகிப் போன கை மீனின் தலையைத் தேடிப் பிடித்தது. பெருவிரல் உதட்டைத் தடவிக்கொண்டே போய், அவள் குத்திய இடத்தில் நின்றது. இழுபட்டுக் கிழியாத, ஊசி போட்டதுபோன்ற சின்னத் துளை. விரல் அங்கேயே நெடுநேரம் இருந்தது.

"நல்லா இழுத்துச்சா?"

"இழுத்துச்சுங்கப்பா."

"நூலக் குடு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மீனின் உதட்டைக் குத்தத் தோன்றியவளுக்கு நூலை ஏரியில் ஒரு முக்கு முக்கி எடுக்கத் தோன்றவில்லை. கட்டையை அவர் கையில் வைத்தாள். உள்ளங்கையில் ஒருமுறை உருட்டினார். அவளைப் பார்த்தார். பிறகு கட்டையைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு, சொம்பில் கொஞ்சம் தண்ணீர் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். இரண்டு நாளாகப் பஞ்சில் நனைத்துத்தான் அவர் நாக்கில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது தாகம் எடுக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுப்படியில் அத்தை ஜெபமாலையை உருட்டியபடி பக்கத்திலேயே நின்றாள். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, சதை கரைய வேகவிட்டு, துணியில் வடிகட்டி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வந்தார்கள். ஜெபமலர் முதல் கரண்டியை அப்பாவின் வாயருகே கொண்டு போனாள். அத்தை வாயைத் திறந்தால் அப்பா வாயை மூடிக்கொள்வார். அதற்கப்புறம் அவர் பசியோடுதான் போவார். மூன்று கரண்டி உள்ளே இறங்கியது. நான்காவது கடைவாயில் வழிந்தது.

"உன்ர மீனு நல்லாருக்குது சாமி" என்றார் அப்பா. அந்த உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் வந்ததே அதிசயம். அத்தை ஜெபமாலையின் அடுத்த மணிக்கு விரலை நகர்த்தினாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு மூச்சு நின்றது.

அத்தை முதலில் அழவில்லை. கண்ணை மூடினாள், தாடையைக் கட்டினாள், காலை நீட்டிச் சேர்த்தாள். வேலை இருக்கிறவரைக்கும் அவளுக்கு அழுகை வராது. தலையைத் தூக்கித் தலையணையை உருவியபோது நூல்கட்டை உருண்டு கட்டில் விளிம்புக்கு வந்தது. ஜெபமலர் கை நீட்டுவதற்குள் அத்தை எடுத்துவிட்டாள்.

நூலை இரண்டு விரலால் அழுத்தினாள். விரல்களைப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள்.

"ஈரமாத்தான் சாமி இருக்குது" என்றாள். "பாவி நான், உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன். என்ர தம்பி ஒரு பொய்யும் கலக்காமப் போயிட்டான்."

ஜெபமலரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்போதுதான் ஓவென்று அழுதாள். கோயில் மணி அடிக்கச் சொல்ல யாரோ வெளியே ஓடினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது.

அத்தையின் தோளுக்கு மேலே ஜெபமலர் பார்த்தாள். கட்டிலோரம் சொம்பு காலியாகச் சாய்ந்து கிடந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. பாயில், அப்பாவின் தலைக்குப் பக்கத்தில், தலையணை இருந்த இடத்தில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு ஈரம் இன்னும் காயாமல் இருந்தது.

ஜெபமலர் தலையணையை எடுத்து அந்த ஈரத்தின் மேல் வைத்தாள். சொம்பைக் காலால் மெல்லக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.