மூன்றாவது கோவிலின் ஓடு

இது இரண்டாவது கோவிலில் நடந்ததா, மூன்றாவதிலா என்று எனக்கே நிச்சயமில்லை. சில வருடங்களில் கூடுதலாக வரும் அதிக மாதத்தில், புண்ணியம் என்று ஒரே நாளில் மூன்று மலைக்கோவில் ஏறி இறங்கினால் மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடும். மூன்றாவது என்றே வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் கால் தள்ளாடியது நன்றாக ஞாபகமிருக்கிறது.

மால்சுன்னுக்குத் தலையும் காலையிலிருந்தே கிறுகிறுத்தது. ஐம்பத்தெட்டு வயது, கணவன் போய் ஒன்பது வருடம். எங்கள் பஸ்ஸை ஓட்டிய கூ பொன்தே போன வாரம் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டார். அவளும் சரி என்றுவிட்டாள். கணவனின் அக்கா பில்நம்மிடம்தான் இன்னும் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக இருவரும் ஒரே வீட்டில் படுத்து, ஒரே நூடுல்ஸ் கடையில் மாவு பிசைகிறவர்கள். சொன்னால் பில்நம் உறவையே வெட்டிவிடுவாளோ என்று பயம். ஊர் திரும்புவதற்குள் சொல்லிவிடுவதாக பொன்தேவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

பஸ்ஸில் திரைகளை மூடிவிட்டு நாற்பது பெண்களும் ஆடிக்கொண்டே வந்தார்கள். பில்நம்தான் முன்னால் நின்று ஆடினாள். அந்தச் சத்தத்தில் எதைச் சொல்வது?

மூன்றாவது கோவிலின் அடிவாரத்தில் கறுப்பு ஓடுகள் அடுக்கியிருந்தன. குடும்பத்தார் பெயர்களை வெள்ளைச் சாயத்தில் எழுதித் தந்தால், மேலே புது மண்டபத்தின் கூரையில் ஏறும். ஆளுக்கு ஓர் ஓடு தூக்கிப் போனால் புண்ணியம். மால்சுன் தன் பெயரை எழுதினாள். பிறகு, கை தானாகவே போனதுபோல, கூ பொன்தே என்றும் எழுதினாள். தனக்குள் சிரித்துக்கொண்டே தூரிகையைக் கழுவப் போனாள். திரும்பி வந்தால் ஓட்டைக் காணோம்.

இருபது படி மேலே பில்நம் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள். எழுத்து உள்பக்கமாக இருந்தது.

மால்சுன் வேறொரு ஓட்டை வாரிக்கொண்டு ஓடினாள். "அண்ணி, அதை இப்படிக் குடுங்க. உங்களுக்கு முட்டி வலி."

"பஸ்ல ஆடினப்ப எங்கடி போச்சு இந்த அக்கறை?"

"சித்த உக்காந்து தண்ணி குடிங்க. ஓட்டைக் கீழ வைங்க."

"எனக்கு ஒரு கையால குடிக்கத் தெரியும்."

அறுநூறு படி. பாதியில் மால்சுன்னுக்குப் பயம் முற்றிச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கியது. பின்னால் வந்தவளும் சிரித்தாள், அவளுக்குப் பின்னால் வந்தவளும். "என்னன்னு சொல்லிட்டுச் சிரிங்கடி, ஓடு நழுவுது," என்று கீழேயிருந்து ஒருத்தி கெஞ்சினாள். காரணம் தெரியாமலே வரிசை முழுக்கக் குலுங்கியது.

உச்சியில் பில்நம் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். ஓடு மடியில். மால்சுன்னின் சிரிப்பு வற்றிப்போனது.

"கீழேயே படிச்சேன்டி," என்றாள் பில்நம். "மத்தவளுங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் இப்படிப் பிடிச்சேன்."

ஓட்டைத் திருப்பினாள். காயாத சாயமெல்லாம் அவளுடைய ஊதா மேல்சட்டையில் ஒட்டியிருந்தது. வயிற்றுக்குக் குறுக்கே பொன்தேவின் பெயர், கண்ணாடியில் தெரிவதுபோல, இடவலம் மாறிக் கிடந்தது.

"கோபமா அண்ணி?"

"அவன் பேரை எழுதினதுக்கு இல்ல. குடும்பம்னு எழுதியிருக்க, அதுல என் பேர் எங்க?"

பயத்திலும் சந்தோஷத்திலும் அது மால்சுன்னின் ஞாபகத்துக்கே வரவில்லை.

"கடையை விட்டுட்டுப் போயிடுவியா?"

"எங்கயும் போகல அண்ணி."

"அப்ப அவன் நம்ம வீட்டுக்கு வரட்டும். வண்டி ஓட்டுற லட்சணத்துக்கு மாவு பிசையறதே மேல்."

மால்சுன் கூரை வேய்பவர்களிடம் தூரிகை கேட்டு வாங்கி, முதல் பெயராக பில்நம் என்று எழுதி, அதன் கீழே அழிந்துபோன இரண்டு பெயர்களையும் மறுபடி எழுதினாள்.

அறுவடை முடிந்ததும் கல்யாணம் நடந்தது. பொன்தே பஸ்ஸை விட்டுவிட்டுக் கடையில் மாவு பிசைந்தார், சுமாராகத்தான். பில்நம் ஆறு வருடம் கழித்து, ஒரு பனிக்காலத்தில் இறந்தாள். மற்ற இருவரும் இன்னும் கடை நடத்துகிறார்கள்.