நூற்றுக்கு ஒரு காலடி

1962ஆம் ஆண்டு ஆவணி மாதம், மாங்குளத்துக்குக் கிழக்கே போகும் காட்டுப் பாதையில், நூறு காலடிக்கு ஒரு காலடி வீதம் நிலம் இல்லாமல் போனது. மொத்தம் முப்பத்தொரு காலடி. பள்ளம் ஒன்றும் விழவில்லை. அந்த இடங்களில் நிலம் இல்லை, அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படிக்கும் சிற்றம்பலம் அங்கே வெளிவேலை பழக வந்திருந்தான். சுத்தியலால் கல்லின் பழைய தோலை உடைத்து உள்நிறம் பார்க்க வேண்டும். பாறையின் பட்டை எந்தத் திசையில் ஓடி எத்தனை பாகை சாய்கிறது என்று திசைகாட்டியால் அளக்க வேண்டும். காலடி எண்ணி வரைபடம் கீற வேண்டும். கண் கல்லில் இருந்தால் எண்ணிக்கை தவறுகிறது என்று, எண்ணி நடக்க வீரகத்தி என்ற கூலியாளைக் கூட்டிக்கொண்டான். வீரகத்தி ஒவ்வொரு நூறு தொடங்கும் இடத்திலும் ஒரு முளை அடித்தான். களத்தில் நெல் அளந்து பழகிய வாய்; "லாபம், இரண்டு, மூன்று" என்றுதான் தொடங்கும். லாபம் என்பது கும்பிடுவதுபோல ஒரு சொல், கணக்கில் சேராது என்று நினைத்த சிற்றம்பலம் ஒவ்வொரு நூறையும் தொண்ணூற்றொன்பது என்று கொப்பியில் எழுதினான். கொப்பியில் இல்லாத காலடி அன்று பின்னேரமே நிலத்திலும் இல்லாமல் போனது.

மறுநாள் காலை, அளக்காமல் விட்ட பாறை ஒன்றைத் தேடிக் குறுக்கு வழியால் பதினாலாவது முளைக்குப் போனார்கள். முளையைத் தாண்டி வீரகத்தி காலை வைத்தான். ஆளைக் காணவில்லை. குரல் மட்டும் "லாபம்" என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "லாபம்". இரண்டுக்கு அது போகவேயில்லை. சிற்றம்பலம் ஒரு கல்லை உருட்டிவிட்டான். விழுந்த சத்தம் கேட்கவில்லை. முளையைப் பிடித்தபடி மத்தியானம் வரை அங்கேயே இருந்தான்.

நாலாம் நாள் குரல் மெலிந்தது. செய்தி கேட்டு வந்த வீரகத்தியின் மனைவி இரஞ்சிதம் முளையின் பக்கத்தை விட்டு அசையவில்லை.

"என்ரை மனிசனை உந்தக் கொப்பியிலை எங்கை வைச்சிருக்கிறீர், தம்பி? வாசியும் பாப்பம்."

வாசித்தான்.

"தொண்ணூற்றொன்பதோ? அந்தாள் நூறெல்லே நடந்தது!"

"லாபத்தைக் கழிச்சனான், அக்கா."

"கழிச்சனீரோ? லாபம் எண்டா ஒண்டு. ஒண்டு எண்டு வாய்விட்டா விளைச்சல் ஒண்டோடை நிண்டிடும் எண்டு அப்பிடிச் சொல்லுறது. கல்லுக்கு வயசு சொல்லுறியளாம், இது தெரியாதோ?"

அவன் அவசரமாக வெட்டி நூறு என்று எழுதினான். ஒன்றும் நடக்கவில்லை.

"நடக்காமல் எழுதுறீரே! நடவும்."

சிற்றம்பலம் "லாபம்" என்று சொல்லி, நிலமில்லாத இடத்தில் காலை வைத்தான். கால் முழங்கால் வரை இறங்கியது. இடுப்பு வரை குளிர்ந்தது. அதற்குப் பிறகுதான் மண் தட்டுப்பட்டது. பக்கத்தில் வீரகத்தி, "இரண்டு" என்றான். தாடி வளரவில்லை. அவனுக்கு அது ஒரு காலைத் தூக்கி வைத்த நேரம்.

"என்ன தம்பி, நிண்டிட்டியள்?" என்று கேட்டான்.

மற்ற முப்பது முளைகளையும் மூவருமாக நடந்து முடித்தார்கள். ஒவ்வொரு நூறின் முதற் காலடியிலும் சிற்றம்பலம் கண்ணை மூடிக்கொண்டான். மூன்று இடங்களில் நிலம் சற்றுப் பிந்தித்தான் வந்தது.