மூன்றாம் பக்கத்துக் கட்டைவிரல்

வெங்காயம் நறுக்கும்போது கீறிக்கொண்ட கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, அவளுடைய சான்றிதழ்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார் அவள் கணவர். நூலகத்தில் தற்காலிகமாக வேலை பார்த்த அவளுக்கு, நிரந்தர வேலைக்கான விண்ணப்பம்.

"ஃபேனை நிறுத்துங்களேன். பேப்பர் பறக்குது."

"நிறுத்தினா நான் வேர்வையிலேயே கரைஞ்சுடுவேன். விரல் எதுக்கு இருக்கு?"

தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அவள் கணினியில் போட்டுவிட்டு, "சைஸை வந்து குறைச்சுத் தரேன்" என்று பல்பு வாங்கக் கிளம்பினார். கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்துவிட்டது. கோப்பு பதினாலு எம்பி. இணையதளமோ இரண்டுக்கு மேல் வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. மறுபடி படமெடுக்கவும் வழியில்லை. அசல் சான்றிதழ்கள் சரிபார்ப்புக்காகத் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தன. காலையிலிருந்து கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாளே தவிர, அவளுக்குக் கை வரவில்லை.

மதியம் நாத்தனார் வந்தாள்.

"இன்னுமா அனுப்பல அண்ணி? இதை விட்டா அடுத்த வேலை எப்ப வருமோ! நகருங்க, நான் குறைச்சுத் தரேன்."

"வேணாம்."

"ஏன்?"

அவள் மூன்றாம் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பட்டச் சான்றிதழின் ஓரத்தில் கட்டைவிரல். அதில் பிளாஸ்திரி.

நாத்தனார் திரையருகே குனிந்து பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "என் கல்யாணத்துல அவன் எடுத்த படம் பூரா இந்த விரல்தான். மாப்பிள்ளையத் தேடிக் கண்டுபிடிக்கணும்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்: "குறைச்சா இது மங்கிடும்டி. உங்கண்ணன் குறைச்சதைப் பழசு மேலயே போட்டுடுவார். 'ஒண்ணுக்கு ரெண்டு எதுக்கு, குப்பை'ம்பார். அப்புறம் இது எங்க இருக்கும்?"

"ஐயோ அண்ணி, அது அவன் பழக்கம். வேற பேர்ல சேமிச்சா, பழசு அதுபாட்டுக்கு இருக்கும்."

"நிஜமாவா?"

"என் மேல நம்பிக்கை இல்லைன்னா நீங்களே பேர் வைங்க."

'அனுப்புவதற்கு' என்று அவளே தட்டினாள். சுருங்கி வந்த கோப்பு இரண்டு எம்பிக்குள் அடங்கியது. எழுத்தும் முத்திரையும் தெளிவாகவே இருந்தன. விரல் மட்டும் பழுப்புத் திட்டாகிவிட்டிருந்தது. அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

நாத்தனார் டீ போட எழுந்து போனாள். கணினி முன்னாலேயே இருந்த அவள், பழைய கோப்பைத் திறந்து மூன்றாம் பக்கத்துக்குப் போனாள்.

பிளாஸ்திரியின் ஒரு முனை சரியாக ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது. கோப்பு பதினாலு எம்பி.