ஆட விட்ட ஆம்ப்ளிஃபயர்

சலவைக்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் இரண்டே பேர்தான் வேலை பார்த்தார்கள். அண்ணி ஆம்ப்ளிஃபயர்களை வடிவமைப்பாள்; அவள் கணவனின் தங்கை அவற்றைப் பற்றவைத்துச் சோதிப்பாள். தங்கையை எல்லோரும் கத்தரி என்றுதான் கூப்பிட்டார்கள். காய் இல்லை, கோல். வாய் அப்படி. காது அதைவிடக் கூர்மை.

அன்று மாலை நான்கு மணிக்கு, ஆம்ப்ளிஃபயர் ஒன்று கேட்டிருந்த நாடக அரங்கத்தின் மேலாளர் வருவதாக இருந்தது. போன வாரம் வந்தவர், தன் புல்லாங்குழல் பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்திருந்தார். "மெதுவா வாசிக்கிறப்போ நல்லாத்தாம்மா இருக்கு. சத்தம் ஏறினா குழலுக்குள்ள மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி கரகரங்குது."

உள்ளங்கை அகலமே உள்ள ஆம்ப்ளிஃபயர் அது. இரண்டு டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல லட்சம் முறை மாறி மாறித் திறந்து மூடும். எத்தனை வேகத்தில் என்று தாளம் போட்டுச் சொல்ல ஒரு தனிச் சில்லு. அந்த வெட்டு வெட்டான மின்சாரத்தை காயில் என்கிற கம்பிச்சுருளும் ஒரு கெபாசிட்டரும் மழுக்கி இசையாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஃபீட்பேக்கும் இருந்தது. வெளியே போவதில் ஒரு துளியைத் திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே வந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிசகு இருந்தால் ஆம்ப்ளிஃபயர் தானே திருத்திக்கொள்ளும். பிறகு எங்கிருந்து வந்தது கரகரப்பு?

காலையில் கத்தரிதான் அதைப் பிடித்தாள். அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்கோப்பின் முனையைக் காயிலுக்கு முன்னால் வைத்தாள், சுத்தம். பின்னால் வைத்தாள், அலையின் உச்சி நசுங்கிக் கிடந்தது.

"அண்ணி, காவக்காரனை எங்க நிக்க வச்சிருக்கீங்க?"

"காயிலுக்கு முன்னாடி."

"திருடன் பின்னாடி இருக்கான்."

அண்ணிக்குச் சுருக்கென்றது. சத்தம் ஏற ஏறக் காயிலே திணறுகிறது. அதற்கு முன்னாலேயே ஃபீட்பேக்கை எடுத்தால் காயில் செய்யும் கோளாறு யாருக்குத் தெரியும்? ஃபீட்பேக் கம்பியைப் பிடுங்கிக் காயிலுக்குப் பின்னால் பற்றவைக்கச் சொன்னாள். சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கர் ஊளையிட்டது. பட்டென்று ஒரு சத்தம், நூல் போல ஒரு புகை. டிரான்சிஸ்டர் ஜோடி காலி.

காயிலைக் கடந்து வரும் செய்தி தாமதமாக வருகிறது. வலப்பக்கம் சாய்ந்தபோது கொடுத்த திருத்தம், இடப்பக்கம் சாயும்போது வந்து சேர்ந்து இன்னும் தள்ளிவிடுகிறது. அந்த ஆட்டம்தான் ஊளை. அண்ணி ஆட்டத்தை அடக்க ஃபீட்பேக்கைக் குறைத்தாள். கரகரப்பு திரும்பி வந்தது. கூட்டினாள், பட். மதியத்துக்குள் நான்கு ஜோடி போய்விட்டது. பெட்டியில் மிச்சம் இரண்டே ஜோடி.

"இது அடங்காது," என்று அண்ணி நாற்காலியில் சரிந்தாள். "எப்படிக் கட்டிப்போட்டாலும் ஆடுது."

கத்தரிக்குப் பசி, எரிச்சல். "ஆடணும்னு அடம் பிடிச்சா ஆடித் தொலையட்டுமே! நாம வேற சில்லு வச்சுத் தாளம் போட்டு ஆட்டிக்கிட்டுத்தானே இருக்கோம்?"

அண்ணி நிமிர்ந்தாள். "என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலை. பசிக்குது."

"இல்ல, சொன்ன!"

டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடத்தான் வேண்டும். அதுவும் ஒரு ஆட்டம்தானே? தாளச் சில்லு எதற்கு? காதுக்கு எட்டாத வேகத்தில் அதுவாகவே ஆடட்டும். அந்த ஆட்டமே தாளம்! கையில் அகப்பட்ட சலவை ரசீதின் பின்பக்கம் அண்ணி கிறுக்கினாள். ஃபீட்பேக் பாதையில் குட்டியாக ஒரு கெபாசிட்டர் வைத்தால் செய்தி கொஞ்சம் முந்தி வரும். அப்போது ஊளை வராது, நொடிக்கு நான்கு லட்சம் முறை ஆடும். "தாளச் சில்லைப் பிடுங்கு!"

"அது நல்லாத்தானே இருக்கு?"

"பிடுங்குடீ!"

கத்தரி பிடுங்கினாள். கெபாசிட்டரைப் பற்றவைத்தாள். இருவரும் மேசைக்குப் பின்னால் குனிந்துகொண்டார்கள். அண்ணி ஒரு கையை மட்டும் நீட்டிச் சுவிட்சைத் தட்டினாள்.

ஊளை இல்லை. புகை இல்லை. கத்தரி மெல்லத் தலையைத் தூக்கினாள். ஸ்கோப்பில் நான்கு லட்சத்துச் சொச்சம். சோதனைக்கான ஒலியை உள்ளே விட்டு, முழுச் சத்தத்துக்கு ஏற்றினாள். அலை வழவழவென்று ஓடியது. ஒலி எவ்வளவு கெடுகிறது என்று காட்டும் திரிபுமானியில், காலையில் நூற்றுக்கு ஒன்றைத் தொட்ட எண், இப்போது பூஜ்யத்துக்குப் பின் புள்ளி, அதற்குப் பின் இரண்டு பூஜ்யம், அப்புறம்தான் ஒரு மூன்று.

"அண்ணி, மீட்டர் செத்துப் போச்சா?"

"நீ செத்தாலும் அது சாகாது!"

அவ்வளவுதான். கத்தரி அண்ணியின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். அண்ணி செருப்பு எங்கோ பறக்கக் குதித்தாள். இருவரும் கைகோத்து மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கீழேயிருந்து சலவைக்காரர் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"என்னம்மா நடக்குது? கீழே மடிச்சு வச்ச சட்டையெல்லாம் சரியுது!"

"ஆடுதுங்க! தானா ஆடுதுங்க!" என்று கத்தரி அவர் கையையும் பற்றினாள். என்ன ஏதென்று தெரியாமலேயே அவரும் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

அந்தக் கோலத்தில்தான் மேலாளர் உள்ளே நுழைந்தார்.  பதிவைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். குழல் எழுந்தது, ஏறியது, உச்சிக்குப் போய் நின்றது. அவர் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை.

"ஊதுறவர் மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்குதும்மா," என்றார். "நாளைக்கு ஒத்திகை. இதை இப்பவே தூக்கிட்டுப் போறேன்."

"இன்னும் மூடிகூடப் போடலைங்க!" என்றாள் கத்தரி.

"மூடியை எவன் கேட்டான்? பாட்டைத் திரும்பப் போடு."

மூன்றாம் முறை பாட்டு ஓடும்போது அண்ணி மாடிப்படிக்கு வந்து கணவனுக்குப் போன் செய்தாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"என்ன ஆச்சு? அழறியா?"

"ஏங்க... ஆடுதுங்க!"

"யாரு? கத்தரியா?"

"அவளும்தான்!" என்றவள், சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.