வெஸ் பார்த்தது

வெஸ்ஸின் உடைந்த தாடைக்குக் கம்பி போட்டு இறுக்கிய நாளிலிருந்து அவனுக்கும் சேர்த்து ரோண்டாதான் பேசிக்கொண்டிருந்தாள். ஆட்டு வியாபாரி போன் செய்தால் அவள், தீவன லாரிக்காரன் வந்தால் அவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நலம் விசாரிப்பவர்களுக்கும் அவளே. வெஸ் பல்லைப் பிரிக்காமல் உள்ளுக்குள்ளேயே எதையோ முனகுவான். கேட்பவர்கள் பாவம், திருதிருவென்று விழிப்பார்கள். அவளுக்கு மட்டும் ஒரு சொல் விடாமல் புரிந்துவிடும். பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? வாய் நன்றாக இருந்த காலத்திலேயே புருஷன் பேச்சில் பாதி முனகல்தான்.

சாப்பாடும் அவள் பாடுதான். வெந்த ஆட்டுக்கறி, பூசணிக்காய், பட்டாணி எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, ஸ்ட்ரா போட்டுக் கொடுப்பாள். பார்ப்பதற்குச் சுவரில் பூசுகிற சாந்து மாதிரி இருக்கும். அவன் முகம் சுளிக்காமல் உறிஞ்சிவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவான். வாந்தி கீந்தி வந்தால் உடனே கம்பியை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு முட்டிவிடும் என்று சொல்லி டாக்டர் ஒரு கட்டிங் பிளேயரைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள் ரோண்டா. கடைக்கும் அதோடுதான் போனாள், சர்ச்சுக்கும் அதோடுதான் போனாள். கல்யாண மோதிரத்தைக்கூட அவள் அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

வெஸ்ஸை அடித்தவன் மார்ஸ்டன் அணியின் ராட்னி பாஸ்கோ. பந்தைக் கையாலும் பிடித்து ஆடுகிற ஃபுட்டி என்ற அவர்கள் ஊர்க் கால்பந்தில் அந்த வட்டாரத்துக்கே அவன் செல்லப்பிள்ளை. அவன் எம்பிப் பந்தைப் பிடித்துக் கோலடிப்பதைப் பார்ப்பதற்கென்றே நாலு ஊர் ஜனம் திரண்டு வரும். வெஸ் யால்பின் அணிக்காரன், வயது முப்பத்தெட்டு, இதுதான் கடைசி வருஷம் என்று ஆடிக்கொண்டிருந்தான். அடிபட்ட அன்று ஆட்டம் பூராவும் ராட்னியை ஒட்டிக்கொண்டே நின்று ஒரு பந்தையும் நிம்மதியாக எடுக்க விடவில்லை. பொறுத்துப் பார்த்த ராட்னி, பந்து மைதானத்தின் மறுகோடிக்குப் போன சமயம் பார்த்துத் திரும்பி முஷ்டியால் விட்டான் ஒன்று. நடுவர்கள் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். கோட்டோர நடுவர் ஒருவர் மட்டும் வெஸ் சரிந்து விழுந்ததைப் பார்த்துவிட்டுப் புகார் எழுதினார். கை பட்டதை அவரும் பார்க்கவில்லை. மைதானத்தைச் சுற்றிக் கார்களை நிறுத்தி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள், ரோண்டாவும் பார்த்தாள். ஆனால் விசாரணைக் குழுவில் வேடிக்கை பார்த்தவர்கள் பேச்சு எடுபடாது. ஆக, எல்லாம் வெஸ் சொல்லப்போவதில் இருந்தது.

வெஸ் என்ன சொல்வான் என்பது ஊருக்கே தெரியும். ஆட்டத்தில் நடந்ததை ஆட்டத்தோடு விட்டுவிட வேண்டும். அடி வாங்கியவன் விசாரணைக்குப் போய், "யார் அடித்தது என்று பார்க்கவில்லை" என்பான். அடித்தவன் தப்பித்துவிடுவான். எதிரணிக்காரனைக் காட்டிக்கொடுப்பவனை அப்புறம் ஒருவனும் மதிக்க மாட்டான். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பெருந்தன்மை எல்லோருக்கும் ஒரே அளவாகக் கிடைப்பதில்லை பாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது.

ரோண்டாவின் தம்பி நெவிலுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு, இதே மார்ஸ்டனுடன் நடந்த அரையிறுதியில், எதிரணிக்காரன் ஒருவன் முழங்கையால் நெவிலின் விலாவில் இடித்தான். வலி தாங்காமல் நெவில் புறங்கையால் வீசியது அவன் மூக்கில் பட்டு ரத்தம் வந்துவிட்டது. அந்த உத்தமன் கோட்டும் டையுமாக விசாரணைக்கு வந்து, நெவில் அடித்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். தான் இடித்ததை மட்டும் விட்டுவிட்டான். இடித்தபோது பக்கத்திலேயே நின்ற வெஸ்ஸைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். வெஸ் வழக்கம் போல "பாக்கல" என்றான். சொந்த மச்சானுக்காகக்கூட எதிரணிக்காரனைக் காட்டிக்கொடுக்க அவன் வாய் திறக்கவில்லை. நெவிலுக்கு எட்டு வாரம் தடை. ரோண்டா பிறந்ததிலிருந்து யால்பின் ஆடாத கிராண்ட் ஃபைனலை அந்த வருஷம் ஆடியது. நெவில் இல்லாமல் ஆடி, ஒரே ஒரு கோலில் தோற்றது. மறுவாரம் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெர்த் பக்கம் சுரங்க வேலைக்குப் போனான். அப்புறம் வெஸ்ஸோடு ஒரு வார்த்தை இல்லை.

தாடை உடைந்த செய்தி கேட்டு அவனே திரும்பி வந்துவிட்டான். ஆடுகளைப் பார்க்க ஆள் வேண்டுமே. ஆட்டு ரோமம் கத்தரிக்க வருகிறவர்கள் தங்கும் கொட்டகையில் படுத்துக்கொண்டான், விடிவதற்கு முன்னால் எழுந்து தீவனம் போட்டான், வேலி பார்த்தான். ஆனால் வெஸ் எதிரே உட்கார்ந்து ஏதாவது முனகினால் அவனைப் பார்க்காமல் ரோண்டாவைப் பார்த்து, "என்னக்கா சொல்றான்?" என்பான். உண்மையிலேயே புரியவில்லையா, புரியாத மாதிரி இருந்தானா, யார் கண்டது.

விசாரணைக்கு முந்தைய வாரம் ராட்னி வந்தான், அவன் அம்மா செய்த பூசணிக்காய் சூப்போடு. அதுவும் வழக்கம்தான். இருபத்து மூன்று வயதுப் பையன், தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு சமையலறையில் நின்றான்.

"கை மீறிடுச்சுண்ணே," என்றான். "வேணும்னு பண்ணல. தடை போட்டாங்கன்னா கிராண்ட் ஃபைனல் போயிடும்ணே."

வெஸ் எழுந்து, காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிற மாதிரி கையை நீட்டினான். பையன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ரோண்டா அவனுக்கு டீ கொடுத்தாள், கேக் வெட்டவில்லை. அந்த ஊரில் அதற்கு மேல் ஒருவரை அவமானப்படுத்த முடியாது. வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த நெவில், அவர்கள் கைகொடுத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் அவள் கொட்டகைக்குச் சாப்பாடு எடுத்துப் போனபோது நெவில் சொன்னான்: "இந்தத் தடவையும் பாக்கலன்னு சொன்னான்னா நான் கெளம்பிடுவேன்க்கா. கோவத்துல சொல்லல. அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால இங்க இருக்க முடியாது, அவ்வளவுதான்."

ரோண்டாவுக்கு இருந்தது அவன் ஒருவன்தான். அம்மா போன பிறகு அவனை வளர்த்ததே அவள்தான். தம்பி சொன்னதை அப்படியே வெஸ்ஸிடம் சொன்னாள், சொல்லும்போதே அழுதாள். வெஸ் சூப்பைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கைகொடுத்துத் தந்த வாக்கை அவன் திரும்ப வாங்கியதாக அவளுக்கு நினைவே இல்லை. அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்றையிலிருந்து இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் ஒருவருக்கொருவர் ரொம்ப நல்லவர்களாக நடந்துகொண்டார்கள், அது சண்டையைவிட மோசமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு நெவில்தான் பிக்கப் வண்டியை ஓட்டிவந்தான். மார்ஸ்டன் டவுன் ஹால் வாசலில் நிறுத்திவிட்டு, அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே நெவிலை விசாரித்த அதே மேசை, அதே மூன்று பேர். நடுவில் தலைவர் ஹார்வுட், ஆட்டுச் சந்தையில் ஏலம் விடுபவர். ராட்னி யாரோ பெரியவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஹார்வுட் வெஸ்ஸிடம் பேனாவும் தாளும் தள்ளினார். வெஸ் அதைத் திரும்பத் தள்ளிவிட்டு ரோண்டாவைக் காட்டினான்.

"அவரு சொல்றத அப்படியே சொல்லணும்மா," என்றார் ஹார்வுட். "கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

ரோண்டா தலையாட்டினாள். ஹார்வுட் வெஸ்ஸைப் பார்த்து, அடித்தது யார் என்று பார்த்தாரா எனக் கேட்டார். கேட்கும்போதே ஒரு கண் கடிகாரத்தில் இருந்தது. பதில் அவருக்கும் தெரியுமே.

மேசைக்கு அடியில் வெஸ்ஸின் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. உள்ளங்கை வேர்த்திருந்தது. பிறகு அவள் பக்கம் திரும்பாமலே, பல்லுக்குள் முனகினான்.

"பாத்தேன். இவன்தான் அடிச்சான். அன்னிக்கும் பாத்தேன், ரோ. நெவில அந்த மார்ஸ்டன்காரன் மொதல்ல இடிச்சத நான் பாத்தேன்."

இரண்டு வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்தது இது. அறையில் இத்தனை பேர் இருந்தும் அது அவள் ஒருத்தி காதில்தான் விழுந்திருந்தது. அவள் வாயைத் திறந்து சொன்னால் போதும், ராட்னிக்கும் எட்டு வாரம். கணக்கு சரியாகிவிடும். ஆனால் பக்கத்தில் இருப்பவன் அவள் கையை விடவில்லை. கொடுத்த வாக்கை அவளுக்காக மீறியிருக்கிறான், மடையன், முப்பத்தெட்டு வயதில், கடைசி வருஷத்தில். நாளையிலிருந்து ஊரில் தலை நிமிர்ந்து நடக்க மாட்டான். அதற்குப் பதிலாக நெவிலுக்கு அந்த எட்டு வாரம் திரும்ப வருமா? இந்த மேசையின் கோணல் தராசுக்கு வெஸ்ஸின் வாக்கா விலை? அவன் சொன்னது இந்த மூன்று பேருக்குச் சேர வேண்டியதே இல்லை என்று அவளுக்குப் பட்டது. சேர வேண்டியவன் வெளியே வண்டியில் இருக்கிறான்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் ஹார்வுட்.

"பாக்கலயாம்," என்றாள் ரோண்டா.

வெஸ் சட்டென்று திரும்பினான். அவன் தலையை அசைத்திருக்கலாம், மேசையைத் தட்டியிருக்கலாம், பேனாவை எடுத்திருக்கலாம். அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

மூன்று பேரும் பக்கத்து அறைக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். ஏதோ ஒரு உரசல் நடந்திருக்கிறது, பையன் இதுவரை நல்ல பெயர் எடுத்தவன், அடிபட்டவருக்கும் மனத்தாங்கல் இல்லை, ஆகவே இரண்டு வாரம் தடை என்றார் ஹார்வுட். தடை முடிந்து ராட்னி கிராண்ட் ஃபைனலுக்குச் சரியாக வந்து இறங்குகிற மாதிரி எண்ணி வைத்த இரண்டு வாரம்.

எல்லோரும் எழுந்தார்கள். ரோண்டா எழுந்து அங்கேயே நின்றாள். தான் ஒன்று கேட்க வேண்டும் என்றாள். அவள் சாட்சி இல்லை, புருஷனுக்கு வாயாக வந்தவள் மட்டும்தான் என்று ஹார்வுட் மரியாதையாகவே சொல்லிப் பார்த்தார்.

"அது அவரு வாய். இது என் வாய்," என்றாள் அவள். "என் தம்பிக்கு இதே மேசைல எட்டு வாரம் போட்டீங்க. ஒரு மூக்குல ரத்தம் வந்ததுக்கு. இங்க தாடையே ரெண்டா ஒடஞ்சு கெடக்கு, ரெண்டு வாரம். எதுல நிறுத்துப் பாத்தீங்கன்னு சொல்லுங்க. வெளிய இருக்கான், போய்ச் சொல்லணும்."

ஹார்வுட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒவ்வொரு வழக்கும் வேறு வேறு என்றார்.

"வழக்கு வேற இல்ல சார். ஆளுதான் வேற."

மூன்று பேரும் தாள்களை அடுக்க ஆரம்பித்தார்கள். வெளியே வரும் வழியில் ராட்னி வந்து கை நீட்டினான், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வெஸ் கைகொடுத்தான். சூப்புப் பாத்திரம் வீட்டில் இருக்கிறது, அம்மாவை வந்து வாங்கிக்கொள்ளச் சொல் என்று ரோண்டா சொன்னாள். கேக் வெட்டுவாளா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

பிக்கப்பில் நெவில் மூன்று பேருக்கும் மில்க் ஷேக் வாங்கி வைத்திருந்தான். ஒன்றில் மட்டும் இரண்டு ஸ்ட்ரா, ஒன்று அடைத்துக்கொண்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று. வெஸ் ஜன்னலோரம், ரோண்டா நடுவில். நெவில் சாவியைத் திருகாமல், எத்தனை என்று கேட்டான். இரண்டு என்றாள்.

"அப்ப பாக்கலன்னு சொல்லிட்டான்," என்றான் நெவில். குரலில் கோபமே இல்லை. பெட்டியை மனதுக்குள் கட்ட ஆரம்பித்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இல்லடா. நான்தான் சொன்னேன். அவன் பாத்தேன்னுதான் சொன்னான். கைகுடுத்துட்டு வந்தும் சொன்னான். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

நெவில் நம்பவில்லை. பாதியில் நின்றுபோன சிரிப்பு ஒன்று அவன் வாயோரம் வந்தது. சமாதானப்படுத்த அக்கா சொல்லுகிற பொய் என்று நினைத்துவிட்டான். இத்தனை நாளாக எல்லோருக்கும் வெஸ்ஸின் பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்த ரோண்டா, இப்போது இது ஒன்றை எப்படி நம்ப வைப்பது என்று தெரியாமல் கழுத்திலிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெஸ் மில்க் ஷேக்கைக் கீழே வைத்தான். அவளைத் தாண்டிக் கையை நீட்டி நெவிலின் தோளைப் பிடித்து, தன் பக்கம் திருப்பினான். கம்பி இழுத்து வலித்திருக்க வேண்டும், நெற்றி நரம்பு புடைத்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக முனகினான்.

"அவன் என்ன சொல்றான்னா..." என்று ரோண்டா ஆரம்பித்தாள்.

"அக்கா, நீ சும்மா இரு," என்றான் நெவில். "எனக்குப் புரிஞ்சிடுச்சு."

சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். அப்புறம் வண்டியைக் கிளப்பினான்.

"அந்த வடக்கு வேலி சாஞ்சு கெடக்கு, வெஸ்," என்றான். "நாளைக்குக் காலைல இழுத்துக் கட்டிரலாம். ஒரு ஆளால ஆகாது, நீயும் வா."